விளக்கிச் சொல்லப்பட்டது

ராஜபாளையம் தென்காசி ரோட்டில் உள்ள ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில், பிரிட்ஜ் வரிசை முடிந்து டிவி வரிசை தொடங்கும் மூலையில் சின்ன மேஜை ஒன்று கிடக்கும். அந்த மேஜைக்குப் பின்னால் இவாஞ்சலின் நாலைந்து வருடம் நின்றாள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை போட்டாக வேண்டும் என்று அரசு சட்டம் கொண்டுவந்தபோது, முதலாளி சுப்புராஜ் எல்லாக் கவுண்டருக்கும் ஸ்டூல் வாங்கினார். இந்த மேஜைக்கு மட்டும் வரவில்லை. அவர் கருமி என்று சொல்லிவிட முடியாது. இவாஞ்சலின் அவர் கடை ஊழியர் இல்லை, அதுதான் காரணம்.

வாடிக்கையாளர்கள் அவளைக் கடைப் பெண் என்றே நினைத்தார்கள். கடையில் இருந்தவர்கள் ‘பைனான்ஸ் மேடம்’ என்றார்கள். அவள் போட்டிருந்த நீலக் கோட்டில் தவணைக் கடன் கொடுக்கும் சென்னைக் கம்பெனி ஒன்றின் பெயர் இருந்தது. சம்பளமோ மதுரையில் உள்ள ஒரு ஏஜென்சியிலிருந்து வந்தது. லீவு வேண்டுமென்றால் யாரிடம் கேட்பது என்று அவளுக்கே பல மாதம் தெரியாமல் இருந்தது. கேட்டுப் பார்த்ததில், யாரிடம் கேட்டாலும் கிடைக்காது என்று தெரிந்துகொண்டாள்.

அதற்கு முன்னால் அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நர்சரி பள்ளியில் டீச்சராக இருந்தாள். அவள் கணவன் பெனின் அதே பள்ளியின் வேன் டிரைவர். கொரோனாவில் பள்ளி மூடியது, திரும்பத் திறக்கவில்லை. பெனினுக்கு இடுப்பில் டிஸ்க் நகர்ந்து, நெடுநேரம் ஸ்டியரிங் முன்னால் உட்கார முடியாமல் போனது. மகள் செலினா நாகர்கோவிலில் நர்சிங் படித்தாள். யாரோ சொல்லி இந்த வேலை வந்தது. காலையில் பஸ் ஏறி ராஜபாளையம், கடை அடைத்த பிறகு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர். ஞாயிற்றுக்கிழமைதான் கடையில் கூட்டம் அதிகம் என்பதால் ஆராதனைக்குப் போவதும் நின்றுபோனது. முதலில் சர்ச் ஐயர் விசாரித்தார். பிறகு அவரும் விட்டுவிட்டார்.

வேலை கடினமானது என்று சொல்ல முடியாது. ஒருவர் பிரிட்ஜோ கிரைண்டரோ பார்த்து வைத்துவிட்டு வருவார். ஆதார், பான் கார்டு, வங்கிக் கணக்கு. கையில் இருக்கும் டேப்லெட்டில் எல்லாவற்றையும் ஏற்றினால், ‘தகுதி உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று காட்டும். உண்டு என்றால் வந்தவரின் போனுக்கு ஓடிபி வரும். அவர் எண்ணைச் சொல்வார், இவள் தட்டுவாள், பொருள் வேனில் ஏறும். கையில் இருந்து ஒன்றும் கொடுக்க வேண்டாம். மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகக் கழியும். கடை வாசலில் ‘இன்றே வாங்குங்கள், பிறகு செலுத்துங்கள், வட்டி இல்லை’ என்று பெரிய பேனர் தொங்கும்.

வட்டி இல்லை என்பது பொய் இல்லை. ப்ராசஸிங் சார்ஜ் என்று ஒன்று இருந்தது. ‘குடும்பக் காப்புத் திட்டம்’ என்று இன்னொன்று இருந்தது. கடன் வாங்கியவருக்கு விபத்து ஏதும் நேர்ந்தால் தவணையைக் கம்பெனியே பார்த்துக்கொள்ளும் என்பது அதன் பொருள். வேண்டாதவர்கள் வேண்டாம் எனலாம். ஆனால் டேப்லெட்டில் அந்தக் கட்டத்தில் முன்கூட்டியே டிக் விழுந்திருக்கும். எடுத்துவிடலாம். எடுத்துவிட்டால் அவளுடைய ஊக்கத்தொகையும் அந்த மாதம் குறையும். எத்தனை பேருக்குக் காப்புத் திட்டம் போட்டாய் என்பதைத்தான் கம்பெனியின் ஏரியா மேனேஜர் பிரேம்குமார் ஒவ்வொரு வாரமும் கேட்பார்.

பிரேம்குமார் விருதுநகர்க்காரர். அவளைவிடப் பத்து வயதாவது இளையவர். கோபக்காரர் இல்லை. மேலே இருந்து யாரோ அவரைக் கேட்டார்கள், அவர் இவளைக் கேட்டார்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ரிசர்வ் வங்கியின் புது விதிகள் வந்தன. கடனின் மொத்தச் செலவையும், எந்தப் பெயரில் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பதையும் ஒரு விவரத்தாளில் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் மட்டும் போதாது, விளக்கிச் சொல்லவும் வேண்டும். யோசிக்க அவருக்கு மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு. இப்படி டேப்லெட் வழியாகக் கொடுக்கும் கடனென்றால், வாங்கிய பிறகும் குறைந்தது ஒரு நாள் வரை, அபராதம் இல்லாமல் அசலைக் கட்டி வெளியேறலாம்.

மதுரையிலிருந்து வீடியோவில் பயிற்சி கொடுத்தார்கள். இவாஞ்சலினுக்கு அது பிடித்திருந்தது. நர்சரியில் வாசித்துக் காட்டிப் பழகியவள். தாளை வைத்து ஒவ்வொரு வரியாகச் சொல்லித் தருவது அவளுக்குத் தெரிந்த வேலை. முதல் வாரம் வந்தவர்களுக்கெல்லாம் வாசித்தாள்.

கம்பெனி அனுப்பிய தமிழ்தான் இடறியது. இங்கிலீஷில் எழுதியதை ஏதோ மெஷினில் போட்டு எடுத்த தமிழ். ஒரு நாளைக்குள் வெளியேறலாம் என்பதற்கு ‘குளிர்விப்புக் காலம்’ என்று போட்டிருந்தார்கள். பிரிட்ஜ் வாங்க வந்தவர்கள் அதைக் கேட்டுவிட்டு, “அது வாரண்டியா மேடம்?” என்றார்கள். அவள் தன் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். அதற்கு இன்னும் நேரம் பிடித்தது.

“என்ன டீச்சர், பாடம் எடுக்கீக,” என்றார் ஒரு பெரியவர். அவள் டீச்சராக இருந்தது அவருக்குத் தெரியாது. “மெசேஜ் வந்துருச்சு. நம்பரச் சொல்லட்டா?”

“ஒரு நிமிஷம்யா. இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.”

“தெரிஞ்சு என்ன செய்ய? பணம் இருந்தா நான் ஏன் இங்க வாரேன்? வேன் போயிரும், சீக்கிரம் போடுங்க.”

எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். கொஞ்சம் பேர் கண்ணியமாகச் சொன்னார்கள், கொஞ்சம் பேர் சலிப்போடு சொன்னார்கள். பெண்கள் தலையை ஆட்டிக்கொண்டே கையில் இருக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் முதலாளி சுப்புராஜே மேஜைக்கு வந்தார். கல்லாவில் இருந்த தம்பியிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டு இவள் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, பின்னாடி எம்புட்டுப் பேரு நிக்காக பாரு. நீ வாசிச்சு முடிக்கதுக்குள்ள அவிய அடுத்த கடைக்குப் போயிருவாக. அங்க உன் கம்பெனி மாதிரி ரெண்டு கம்பெனி உக்காந்திருக்கு. அங்க ஒருத்தரும் வாசிக்கக் காணோம்.”

“ரூல்ஸ் சார்.”

“ரூல்ஸ் வேண்டாம்னா சொல்லுதேன்? போன்லதான் அந்தத் தாளுக்கு லிங்க் போகுதுல்ல. வீட்ல போயி வாசிச்சுக்கட்டும்.”

பிரேம்குமாரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். லிங்க் போய்விட்டால் கொடுத்த மாதிரி. ‘விளக்கிச் சொல்லப்பட்டது’ என்ற கட்டத்தில் டிக் போட்டால் சொன்ன மாதிரி. அந்தக் கட்டம் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அதில் டிக் போட்டால்தான் டேப்லெட் அடுத்த பக்கத்துக்குப் போகும். டிக்குக்குக் கீழே இவாஞ்சலினின் பெயரும் ஊழியர் எண்ணும் தானாக விழும்.

அவள் ஒரே நாளில் நிறுத்திவிடவில்லை. முதலில் நாலு பக்கத்தில் ஒரு பக்கம் வாசித்தாள். பிறகு தவணையையும் தேதியையும் மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு, யாராவது கேட்டால் சொன்னாள். யாரும் கேட்கவில்லை. சாயங்காலத்தில் கால் வீங்கிவிடும். நின்றபடியே ஒரு காலை மேஜையின் குறுக்குக் கட்டையில் ஏற்றி வைத்துக்கொண்டு, ‘விளக்கிச் சொல்லப்பட்டது’ என்று தட்டித் தட்டி அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை செட்டியார்பட்டியிலிருந்து மாரீஸ்வரன் தன் மனைவி பாண்டிசெல்வியோடு வந்தான். அவன் தறி ஓட்டுகிறவன். அவளுக்கு அந்த ஆவணியில்தான் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். குனிந்து துணி துவைக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாஷிங் மெஷின் எடுக்க வந்திருந்தார்கள். பாண்டிசெல்வி ஒரு மிக்ஸி அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். அவளை எழுந்திருக்கச் சொல்ல வந்த கடைப் பையனை மாரீஸ்வரன் ஒரு பார்வை பார்த்தான். பையன் போய்விட்டான்.

அன்றைக்கு மேஜையைச் சுற்றி ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். டேப்லெட் சூடாகிவிட்டது. இவாஞ்சலின் மத்தியானச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை. மாரீஸ்வரனின் விவரத்தை ஏற்றினாள், தகுதி உண்டு என்று வந்தது, ஓடிபி போனது. அவன் எண்ணைச் சொல்வதற்கு முன்னால் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“யக்கா, மாசத்துக்கு நீங்க சொன்னதுதான. வேற ஒண்ணும் பிடிக்க மாட்டாகள்ல?”

“மாட்டாக. நம்பரச் சொல்லுங்க,” என்றாள் இவாஞ்சலின். தலையை நிமிர்த்தவில்லை.

அவன் சொன்னான். அவள் தட்டினாள்.

மறுநாள் ஞாயிறு. மத்தியானம் மாரீஸ்வரன் தனியாக வந்தான். கூட்டம் குறையட்டும் என்று டிவி வரிசையில் சற்று நேரம் நின்றுவிட்டு, பிறகு மேஜைக்கு வந்து போனைக் காட்டினான். கம்பெனி அனுப்பிய செய்தியில் மொத்தத் தொகை இருந்தது. கடையில் ஒட்டியிருந்த விலைக்கும் அதற்கும் நல்ல வித்தியாசம். பத்து நாள் தறிக்கூலிக்குச் சமம் என்றான்.

“இந்தக் காப்புத் திட்டம்னா என்னக்கா? நான் கேக்கலியே.”

அவள் பார்த்தாள். காப்புத் திட்டத்தின் டிக்கை அவள் நேற்று எடுத்துவிடவில்லை. அவன் நேற்றுக் கேட்ட கேள்வியும் தான் சொன்ன பதிலும் அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆனால் நேரம் இன்னும் இருந்தது. அன்று இரவுக்குள் கடனை வேண்டாம் என்று சொல்லலாம். அதை அவனிடம் சொன்னபோது அவளுக்கே கொஞ்சம் தெம்பு வந்தது. வேறு கடன் போட்டுக்கொள்ளலாம், காப்புத் திட்டம் இல்லாமல்.

“அப்ப கேன்சல் பண்ணிருங்க,” என்றான் மாரீஸ்வரன்.

அவள் கம்பெனி எண்ணுக்குப் போன் செய்தாள். ஒரு பெண் விவரம் சொன்னாள். வெளியேறலாம். அதற்கு அசலை இன்றைக்குள் கட்ட வேண்டும். அசல் கடையிடம் போய்விட்டது. கடைக்காரர் மெஷினைத் திரும்ப எடுத்துப் பணத்தைக் கொடுத்தால் கட்டலாம், இல்லையென்றால் கடன் வாங்கியவர் தன் கையிலிருந்து கட்ட வேண்டும்.

இவாஞ்சலின் அவனைக் கூட்டிக்கொண்டு சுப்புராஜிடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“பைப்பு மாட்டியாச்சா?”

“நேத்தே மாட்டியாச்சு சார்,” என்றான் மாரீஸ்வரன்.

“துவச்சாச்சா?”

“ஒரு தடவ.”

“பொறவு நான் அத யாருக்கு விக்க? நீ சொல்லு.” இவாஞ்சலின் பக்கம் திரும்பினார். “அந்த ரூல்ஸ் உன் கம்பெனிக்கும்மா. எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லலியே.”

அவர் சொன்னது உண்மை. விதி கடன் கொடுக்கிறவரைக் கட்டுப்படுத்தியது, பொருள் விற்கிறவரை அல்ல. கடனைத் திருப்பலாம், மெஷினைத் திருப்ப முடியாது. மெஷினைத் திருப்ப முடியாதவன் கடனை எப்படித் திருப்புவான் என்று விதியை எழுதியவர்கள் யோசித்தார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை. பணம் இருந்தால் அவன் இந்த மேஜைக்கே வந்திருக்க மாட்டான்.

மாரீஸ்வரன் சத்தம் போடவில்லை. “சரிக்கா” என்றான். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தான். “யாருகிட்ட எழுதிப் போடணும்?”

அவள் விவரத்தாளின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலர் பெயரும் முகவரியும் அதில் இருந்தன. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். சண்டிகருக்கு அனுப்ப வேண்டும். தமிழிலேயே எழுதலாம்.

“சண்டிகர்னா எங்கக்கா?”

“வடக்க. டெல்லிக்கும் அங்கிட்டு.”

அவன் முகவரியைப் போனில் படம் எடுத்துக்கொண்டான். இப்படிக் கேட்டுவிட்டுப் போனவர்கள் முன்னாலும் உண்டு. யாரும் எழுதியதாக அவள் கேள்விப்பட்டதில்லை. இவனும் எழுத மாட்டான் என்றுதான் நினைத்தாள். அப்படி நினைத்தது அவளுக்கு ஒரு வகையில் நிம்மதியாகவும் இருந்தது.

அவன் எழுதினான். கம்பெனிக்கு எழுதி, ‘தங்கள் ஒப்புதலுடன் சேர்க்கப்பட்டது’ என்று பதில் வந்ததும் சண்டிகருக்கு எழுதினான். அங்கிருந்து கம்பெனிக்கு விளக்கம் கேட்டுத் தாக்கீது வந்தது. இதெல்லாம் அவளுக்குத் தெரியவந்தது தைப் பொங்கல் கழிந்த பிறகு, பிரேம்குமார் போனில் கூப்பிட்டபோது.

“மேடம், செட்டியார்பட்டி வாஷிங் மெஷின் கேஸ் ஞாபகம் இருக்கா? அந்தாளு நம்மளப் பத்தி ஆர்பிஐக்கு எழுதிருக்கான். யாரும் எனக்கு விளக்கிச் சொல்லலன்னு எழுதிருக்கான்.”

“ஞாபகம் இருக்கு சார்.”

“பெரிய விசயம் இல்ல. உங்க டிக் இருக்குல்லா, அது போதும். சென்னையில இருந்து ஒரு மேடம் வீடியோ கால்ல கேப்பாங்க. ஆமா மேடம், எல்லாம் தமிழ்ல விளக்கிச் சொன்னேன், அவரு சம்மதிச்சாருன்னு ஒரே வரி. அதப் பதிவு பண்ணி அனுப்பிட்டா கேஸ் முடிஞ்சிரும்.”

அவள் சரி என்றாள். சரி என்று சொன்னபோது அப்படியே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். அன்று இரவு பெனினுக்கு இடுப்பில் தைலம் தேய்த்துவிடும்போதும் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்று பட்டது.

கடையின் பின்பக்கக் குடோனில், ஏசி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் டேப்லெட்டைச் சாய்த்து வைத்துக்கொண்டு நின்றாள். திரையில் ஒரு பக்கம் சென்னை அம்மா. கண்ணாடி போட்ட, களைத்த முகம். அவருக்கும் அன்றைக்கு இது எத்தனையாவது கேஸோ. இன்னொரு பக்கம் பிரேம்குமார். சென்னை அம்மா கடன் எண்ணை வாசித்தார், தேதியை வாசித்தார்.

“கடன் விவரங்களை அவருக்குப் புரியிற மொழியில விளக்கிச் சொன்னீங்களா?”

“இல்ல மேடம்,” என்றாள் இவாஞ்சலின்.

பிரேம்குமார் இருமினார். சென்னை அம்மா எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “கேள்வி சரியாக் கேட்டுச்சா உங்களுக்கு?”

“கேட்டுச்சு மேடம். விளக்கிச் சொல்லல. அவரு கேட்டாரு, வேற எதுவும் பிடிப்பாகளான்னு. பிடிக்க மாட்டாகன்னு சொன்னேன்.”

“ஆனா டிக் போட்டிருக்கீங்க.”

“டிக் போடலன்னா அடுத்த பக்கம் போகாது மேடம்.”

“அன்னைக்கு மட்டுமா, இல்ல…”

“ரொம்ப நாளாவே. முதல்ல வாசிச்சேன். வாசிச்சா ஒரு ஆளுக்குக் கால் மணி நேரம் ஆகுது. யாருக்கும் நிக்க நேரம் இல்ல. வாங்க வாரவகளுக்கும் இல்ல.”

சென்னை அம்மா அதையும் எழுதிக்கொண்டார். “யாராவது வாசிக்க வேண்டாம்னு உங்களுக்குச் சொன்னாங்களா?”

திரையில் பிரேம்குமாரின் முகம் தெரிந்தது. அவருக்குப் போன மாதம்தான் பெண் பிறந்திருந்தது. வாட்ஸப் குரூப்பில் படம் போட்டிருந்தார்.

“வேண்டாம்னு யாரும் சொல்லல,” என்றாள் இவாஞ்சலின்.

“சரி. நன்றி,” என்றார் அந்த அம்மா. திரை இருண்டது.

சாயங்காலம் பிரேம்குமார் கூப்பிட்டார். திட்டவில்லை. “என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க,” என்று மட்டும் கேட்டார். பிறகு வைத்துவிட்டார். மறுநாள் காலையில் அவள் கடைக்குப் போய் டேப்லெட்டைத் திறந்தபோது அது அவள் எண்ணை ஏற்கவில்லை. ஏஜென்சிக்குப் போன் செய்தாள். கம்பெனிக்கு உங்கள் சேவை தேவைப்படவில்லை, வேறு இடம் வந்தால் சொல்கிறோம் என்றார்கள். கம்பெனிக்குப் போன் செய்தாள். நீங்கள் எங்கள் ஊழியர் இல்லையே, ஏஜென்சியைக் கேளுங்கள் என்றார்கள்.

நீலக் கோட்டைக் கழற்றி மடித்து மேஜை டிராயரில் வைத்தாள். சுப்புராஜ் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏம்மா, ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டிருக்கலாம்லா,” என்றார். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பையனை அனுப்பி ஒரு டீ வாங்கித் தரச் சொன்னார். அவள் குடித்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். பகல் பத்து மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் காலியாக இருந்தது. உட்கார இடம் கிடைத்தது. ஊருக்குச் சற்று முன்னால் இருக்கும் மடவார்வளாகம் வரும் முன்பே தூங்கிவிட்டாள். கண்டக்டர்தான் எழுப்பினார்.

பெனின் முழுக் கதையையும் கேட்டான். செலினாவுக்கு அடுத்த மாதம் பீஸ் கட்ட வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும்.

“ஏட்டி, ஒரே வரிதான சொல்லச் சொன்னாக. சொல்லிருந்தா முடிஞ்சிருக்கும்லா.”

“முடிஞ்சிருக்கும்.”

“பொறவு?”

இவாஞ்சலின் யோசித்துப் பார்த்தாள். நியாயம் என்றோ பாவம் என்றோ எதுவும் அந்த நேரத்தில் அவள் மனதில் ஓடவில்லை. அந்த அம்மா கேட்டார், வாயில் அதுதான் வந்தது.

“அலுத்துப் போச்சுங்க,” என்றாள். “விளக்கிச் சொன்னேன், விளக்கிச் சொன்னேன்னு ஒரு வருஷமாத் தட்டிட்டேன். அதையே வாயாலயும் சொல்ல முடியல.”

பெனின் சுவரைப் பிடித்து எழுந்து, தெரிந்த ஒருவரின் சரக்கு ஆட்டோவைக் காலையில் மட்டும் ஓட்ட முடியுமா என்று கேட்கப் போனான். இடுப்பு ஒரு வாரம் தாங்கியது. பிறகு படுத்துவிட்டான். பீஸுக்கு அவள் செயினை அடகு வைத்தார்கள்.

கம்பெனி காப்புத் திட்டத் தொகையை மாரீஸ்வரனுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டது. கூடவே அலைச்சலுக்கென்று கொஞ்சமும் கொடுத்தது. டேப்லெட்டில் இப்போது முன்கூட்டியே விழும் டிக் இல்லையாம். அதற்குப் பதில் ‘விளக்கிச் சொல்லப்பட்டது’ என்ற கட்டம் இரண்டு இடத்தில் வருகிறதாம். புதிதாக அந்த மேஜைக்கு வந்திருக்கும் வெங்கடேஸ்வரி என்ற பெண் போன் செய்து, பழைய கோப்புகளைப் பற்றி ஏதோ சந்தேகம் கேட்டபோது இதைச் சொன்னாள். வேலை எப்படி என்று இவாஞ்சலின் கேட்டாள். “காலுதான்க்கா வலிக்கி,” என்றாள் அந்தப் பெண்.

இரண்டு மாதம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு எலும்பு டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலை கிடைத்தது. சம்பளம் முன்பு வாங்கியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஞாயிறு விடுமுறை. பல வருடத்துக்குப் பிறகு ஆராதனைக்குப் போனாள். பிரசங்கத்தின் நடுவில் தூங்கிப்போய், பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவின் தோளில் சாய்ந்துவிட்டாள். அந்த அம்மா எழுப்பாமல் விட்டுவிட்டதை நினைத்துப் பிற்பாடு வெட்கப்பட்டாள்.

சித்திரையில் ஒரு நாள், கிளினிக்கில் ஆள் குறைவாக இருந்த நேரத்தில் மாரீஸ்வரன் போன் செய்தான். கடைக்குப் போய் விசாரித்து, வெங்கடேஸ்வரியிடம் எண் வாங்கியிருக்கிறான்.

“யக்கா, உங்கள வேலைய விட்டு எடுத்துட்டாகளாம்ல. எனக்குத் தெரியாதுக்கா. எம்மேல வருத்தமா?”

“உங்க மேல என்ன வருத்தம்? நீங்க கேட்டது சரிதான.”

“உங்க பேர நான் எழுதவே இல்லக்கா. கம்பெனின்னுதான் எழுதுனேன்.”

“தெரியும்,” என்றாள். அவன் வேறு ஏதோ சொல்ல வருகிறான் என்று புரிந்தது. “சொல்லுங்க தம்பி.”

“கடையிலதான் நிக்கோம். இவளுக்குக் கிரைண்டர் எடுக்கணும். மாவுக்குத் தினமும் கடையில குடுத்துக் கட்டுப்படியாகல. தவணையிலதான் எடுக்கணும். இந்தப் புள்ள லிங்க் அனுப்பிருக்கு. நான் வாசிக்கேன், நீங்க செத்தக் கேளுங்க.”

அவன் வாசிக்க ஆரம்பித்தான். எழுத்துக் கூட்டி, நிறுத்தி நிறுத்தி. பின்னால் யாரோ “அண்ணாச்சி, சீக்கிரம்” என்று சொல்வது கேட்டது. அவன் நிறுத்தவில்லை. புரியாத இடத்தில் இவாஞ்சலின் குறுக்கிட்டுச் சொன்னாள். ப்ராசஸிங் சார்ஜ் வந்தபோது, “அது உண்டு. அது போகாது,” என்றாள். காப்புத் திட்டத்துக்கு நேரே ‘இல்லை’ என்று இருந்தது. தவணை தவறினால் என்ன பிடிப்பார்கள் என்ற வரியை அவன் இரண்டு முறை வாசித்தான். கடைசியில் மொத்தத் தொகையை வாசித்தான். பக்கத்தில் பாண்டிசெல்வியிடம் அதைச் சொல்வது கேட்டது. அவள் என்ன சொன்னாள் என்பது கேட்கவில்லை.

“கூடத்தான் வருதுக்கா.”

“ஆமா. கூடத்தான்.”

“எடுக்கவா, வேண்டாமா?”

“அத நான் சொல்ல முடியாது தம்பி.”

“சரி,” என்றான். “எடுத்துருதோம். மாசம் ஒரு நாள் கூடுதலாத் தறி ஓட்டுனா அடைச்சிருவேன்.”

உள்ளே டாக்டர் மணியடித்தார். இவாஞ்சலின் போனை வைத்துவிட்டு, கூமாப்பட்டியிலிருந்து கட்டுப் போட்ட கையோடு வந்து உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயரைக் கூப்பிட்டாள்.